வெறும் மேசையின் எண்ணிக்கை

அறுநூற்று ஐம்பத்தைந்து.

திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் அவள் முதலில் செய்த காரியம், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டதுதான். எண் மாறவில்லை. கண்ணாடியில் குற்றமில்லை. அப்படியானால் குற்றம் எங்கே?

மேசையின் மேல் ஒன்றுமே இல்லை. அதுதான் வேதனை. ஒன்றும் இல்லாத அந்த மேசை முன்னூற்று இருபதை ஒட்டித்தான் காட்ட வேண்டும். இருபத்தெட்டு வருடமாக அப்படித்தான் காட்டி வந்திருக்கிறது.

எங்கள் தெருவில் நான்காவது வீடு அவளுடையது. மாடிப்படிக்கு அடியில் இரண்டு சைக்கிள்கள் ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கும் வீடு. ஐம்பத்து நான்கு வயது. வேலை பார்க்கும் இடத்தில் 'பத்து நிமிஷம் அக்கா' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். யார் வந்து எதைக் கேட்டாலும் தலையைத் தூக்காமல், "பத்து நிமிஷம் பொறுங்க" என்பாள். பிரசவ வார்டில் டாக்டரிடமே அப்படிச் சொல்லியிருப்பாள் என்று கேலி பேசுவார்கள். அவளுக்குக் குழந்தை இல்லை என்பது அந்தக் கேலி பேசுகிறவர்களுக்கு ஏனோ நினைவு வருவதில்லை. அவளும் சிரித்துக்கொண்டே போய்விடுவாள்.

கதிர்வீச்சை அளக்கும் கருவிகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் தொழிற்சாலைகளிலிருந்தும் கருவிகள் அட்டைப் பெட்டியில் வரும். ஈயக் கலத்துக்குள் பூட்டி வைத்திருக்கும், வலிமை தெரிந்த ஒரு சின்னஞ்சிறு கதிர் வில்லையை எடுத்துக் கருவியின் முன்னால் வைப்பாள். கருவி சரியாகச் சொன்னால் அதன் முதுகில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, அதில் கையெழுத்துப் போடுவாள். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் எங்கோ ஒரு நர்ஸ் ஓர் அறைக்குள் தைரியமாக நுழைகிறாள்.

ஆனால் வில்லையை வெளியே எடுப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஒன்றுமே வைக்காமல் வெறும் மேசையைப் பத்து நிமிடம் எண்ண வேண்டும். மண், செங்கல், ஆகாயம், நம் எலும்பு எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் கதிர் எப்போதும் வந்துகொண்டேதான் இருக்கிறது. அதைப் பின்புலம் என்று புத்தகத்தில் எழுதுவார்கள், பேச்சில் பேக்ரவுண்ட். அதை முதலில் எண்ணி, பிறகு வருகிற எண்ணிக்கையிலிருந்து கழித்தால்தான் மிஞ்சுவது உண்மை. கழிக்கிற எண் தப்பென்றால் மிஞ்சுகிற எண்ணும் பொய்.

அவள் ஐந்து முறை பத்துப் பத்து நிமிடம் எண்ணிச் சராசரி எடுப்பாள். அன்றும் எடுத்தாள். அறுநூற்று ஐம்பது. இரண்டு மடங்கு!

கேபிளை மாற்றினாள். மின் அழுத்தத்தைச் சரிபார்த்தாள். கதிர் வில்லைகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். எல்லாம் கலத்துக்குள் பத்திரமாக இருந்தன. மேசையில் ஏதாவது சிந்தியிருக்குமோ என்று வடிதாளால் அங்குலம் அங்குலமாகத் துடைத்து, அந்தத் தாளைத் தூரத்து அறைக்குக் கொண்டுபோய் எண்ணினாள். தாள் சுத்தம். கருவியையே மாற்றினாள். புதுக் கருவியும் அதே பாட்டைப் பாடியது.

மறுநாள் காலையில் அறுநூற்று ஐந்து. அன்று மதியம் உணவு இடைவேளையில், அவளோடு வேலை பார்க்கும் தொழில்நுட்பக்காரர் அதே மேசையில், அதே கருவியில் எண்ணிப் பார்த்தார். அவருக்கு மீசைதான் பெயர். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் இருந்தது.

"அக்கா, முன்னூத்துப் பதினெட்டு."

"இன்னொரு தடவை எண்ணுங்க."

"எண்ணிட்டேன். முன்னூத்து இருபத்தஞ்சு. எனக்கு வந்தா பசு மாதிரி நிக்குது. உங்களைப் பாத்தாதான் துள்ளுது."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். மூன்று மணிக்கு அவளே மறுபடி எண்ணினாள். அறுநூறு!

ஆய்வகத் தலைவர் அன்று மாலை வந்தார். கையில் எப்போதும் ஓர் எஃகு அளவுகோல் இருக்கும். பேசும்போது அதைத் தொடையில் தட்டிக்கொள்வார். அதனால் அவருக்கு ஸ்கேல் என்று பெயர்.

"நீங்க எண்ணுனா ஏறுது, அவர் எண்ணுனா இறங்குது. நான் என்னன்னு நினைக்கிறதும்மா?"

"எனக்கும் புரியல சார்."

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியும் ஒரு மாசம் இப்படித்தான் கை நடுங்குதுன்னு..."

அவர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் அவள் மார்பில் ஒரு சிறு கட்டி தெரிந்தது. சாதாரணக் கொழுப்புக் கட்டி என்று டாக்டர் சொல்வதற்கு ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதமும் அவள் சாப்பிடவில்லை, சரியாகத் தூங்கவில்லை, எண்ணியதையே திரும்பத் திரும்ப எண்ணினாள். கடைசியில் அவளாகவே போய், "கொஞ்ச நாள் என் கையெழுத்து வேண்டாம் சார்" என்று கேட்டுக்கொண்டாள்.

"வர்ற திங்கக்கிழமை வெளியிலிருந்து தணிக்கையாளர் வர்றார்" என்றார் ஸ்கேல். "அதுக்குள்ள காரணத்தை எழுத்துல கொடுங்க. இல்லேன்னா இனிமே ஸ்டிக்கர்ல மீசையோட கையெழுத்துதான். நீங்க பெட்டி பிரிக்கிற வேலையைப் பாத்துக்கலாம். அதுவரைக்கும் எதிலயும் கையெழுத்துப் போடாதீங்க."

அளவுகோல் தொடையில் ஒருமுறை தட்டியது. அவள் நெஞ்சில் அது சம்மட்டியாக விழுந்தது.

இருபத்தெட்டு வருடம்! பெற்றவர்களுக்குப் பிள்ளைகள் பெயர் சொல்லும். அவள் பெயரைச் சொல்ல அந்த ஸ்டிக்கர்கள் மட்டும்தான் ஊரெங்கும் போயிருந்தன.

புதன்கிழமை அவளுக்கு ஒரு பயங்கரமான எண்ணம் வந்தது. எப்போதோ எதையோ தொட்டுத் தன் உடம்பிலேயே அது ஒட்டிக்கொண்டிருந்தால்? சிறிய கைக் கருவி ஒன்றை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தி, தன் விரல் நுனி, முடி, செருப்பு, சாப்பாட்டுப் பை எல்லாவற்றையும் அளந்தாள். மேசை அருகே நின்றால் எண் ஏறியது. வராந்தாவின் கோடிக்குப் போனால் இறங்கியது. மேசைக்குத் திரும்பினால் மறுபடி ஏறியது. இங்கே நின்றால் குற்றவாளி, அங்கே நின்றால் நிரபராதி. இது என்ன நியாயம்?

அந்தக் குழப்பம் போதாதென்று, வீட்டில் வேறொன்று.

அவள் கணவர் அதே நிறுவனத்தின் ஸ்டோர் கீப்பர். கையுறையிலிருந்து ஈயக் கட்டி வரை அவர் சாவிக் கொத்தைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். சில மாதங்களாக அவர் இளைத்துக்கொண்டே வந்தார். "சர்க்கரையைக் குறைச்சேன்ல, அதான்" என்று சொல்லியிருந்தார். போன வியாழக்கிழமை, பழைய நண்பர் வீடு மாறுகிறார், சாமான் ஏற்ற ஆள் இல்லை என்று கிளம்பிப் போனவர், ஞாயிறு மாலைதான் திரும்பி வந்தார். வந்ததிலிருந்து ஆளே மாறிவிட்டார்.

முன்னறையில் தனியாகப் படுத்துக்கொண்டார். கேட்டால் இருமல் என்றார். ஆனால் அவர் இருமி அவள் கேட்கவில்லை. தன் தட்டையும் டம்ளரையும் தானே கழுவித் தனியாகக் கவிழ்த்தார். காலையில் அவள் டீயைக் கொண்டுபோனால், "அங்கயே வச்சிடு, அங்கயே வச்சிடு" என்று இரண்டடி பின்வாங்கினார். தினமும் அவளோடு சேர்ந்து சைக்கிளில் வருகிறவர், அவளுக்கு முன்னால் அரைமணி நேரம் கிளம்பிப் போனார்.

அன்று மாலை அவள் கேட்டே விட்டாள்.

"என்னங்க, என்மேல ஏதாவது கோபமா?"

"கோபமா? எனக்கு எதுக்குக் கோபம்?"

"அப்புறம் ஏன் என்னைக் கண்டா ஒதுங்குறீங்க?"

"ஒதுங்கலம்மா. நீ கொஞ்சம் தள்ளி உக்காரு. வேக்காடா இருக்கு."

வேக்காடா? ஜன்னல் வழியாக ஜிலுஜிலுவென்று காற்று வந்துகொண்டிருந்தது!

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஸ்டோரில் பேச்சு பரவியிருக்கும். பத்து நிமிஷம் அக்கா எதையோ சிந்திவிட்டாள், அவள் மேல் ஒட்டியிருக்கிறது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். இவரும் அதை நம்பிவிட்டார். தாலாட்ட ஒரு பிள்ளையைக் கொடுக்காத மனைவியை இருபத்தாறு வருடம் ஒரு சொல் சொல்லாத மனிதர், இன்று அவள் மூச்சுக் காற்றுக்கே பயந்து நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுகிறார். சமையலறைக் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அவள் அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தில் அது அவருக்குக் கேட்காது என்று நினைத்தாள்.

முன்னறையில் அவர் எழுந்து வந்து, சமையலறை வாசல் வரை வந்து, நின்று, திரும்பிப் போனார். அது அவளுக்குத் தெரியாது.

வியாழக்கிழமை ஐந்நூற்று முப்பத்து மூன்று. மதியம் மீசைக்கு முன்னூற்று இருபத்தொன்று.

அவமானம் எல்லை தாண்டினால் சில பேருக்குத் தைரியம் வரும். அவளுக்கு வந்தது. நேராக ஸ்கேலின் அறைக்குப் போனாள்.

"சார், நாளைக்குக் காலைல பத்து மணிக்கு மீசை எண்ணட்டும். நான் இந்தக் கட்டடத்துலயே இருக்க மாட்டேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப்ல போய் நிக்கிறேன்."

வெள்ளிக்கிழமை காலை ஒரு மணி நேரம் அவள் பஸ் ஸ்டாப்பில் நின்றாள். எந்தப் பஸ்ஸிலும் ஏறாத அவளைக் கண்டக்டர்கள் முறைத்துவிட்டுப் போனார்கள். பதினொரு மணிக்கு மீசை ரோட்டைக் குறுக்கே கடந்து ஓடி வந்தார். மூச்சு வாங்கியது.

"அக்கா, ஐந்நூத்தி நாலு!"

"என்னது?"

"ஐந்நூத்தி நாலு. அஞ்சு தடவை. நான்தான் எண்ணுனேன், என் கையாலதான் எண்ணுனேன். அக்கா, தப்பு உங்க மேல இல்ல. துள்ளுற பசுன்னு சொன்னதுக்கு என்னை ரெண்டு அடி அடிச்சிடுங்க."

நிம்மதியில் அவள் சிரித்துவிட்டாள். ஆனால் அடுத்த கணமே குழப்பம் இரண்டு மடங்கானது. தான் இல்லையென்றால், பின்னே எது? காலையில் இருக்கிறது, மதியச் சாப்பாட்டு நேரத்தில் இல்லை, மூன்று மணிக்கு மறுபடி இருக்கிறது. அப்படி ஒரு கதிர் உண்டா?

ஓர் அட்டைப் பெட்டியின் மூடியைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் ஐந்து நாள் எண்களையும் வரிசையாக எழுதினாள். ஒவ்வொன்றிலிருந்தும் முன்னூற்று இருபதைக் கழித்தாள். இத்தனை நாள் மேசையைக் கழித்து உண்மையைத் தேடியவள், அன்று முதன்முறையாகக் கூடுதலாய் இருப்பது என்ன என்று பார்த்தாள். முன்னூற்று முப்பது. இருநூற்று எண்பத்தைந்து. இருநூற்று நாற்பத்தேழு. இருநூற்றுப் பதிமூன்று. நூற்று எண்பத்து நான்கு.

"மீசை, இது குறைஞ்சுக்கிட்டே வருது பாருங்க. சுமார் அஞ்சு நாள்ல பாதி."

"அஞ்சு நாள்ல பாதியாகுற சரக்கு நம்ம கலத்துல எதுவும் இல்லையே அக்கா."

"எட்டு நாள்ல பாதியாகுறது ஒண்ணு இருக்கு. கதிர் வீசுற அயோடின். தைராய்டுக்கு ஆஸ்பத்திரியில குடிக்கக் கொடுப்பாங்க. மனுஷ உடம்புக்குள்ள போயிட்டா, உடம்பும் கொஞ்சம் வெளியேத்தும். அப்ப இன்னும் சீக்கிரம் பாதியாகும்." அவள் நிறுத்தினாள். "மத்தியானம் சாப்பிடப் போகுது. சாப்பிட்டுட்டுத் திரும்பி வருது. இதுக்குக் கால் இருக்கு மீசை."

மூன்று மணிக்குக் கைக் கருவியை எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி நடந்தாள். ஜன்னல் பக்கம் குறைந்தது. கதவுப் பக்கமும் குறைந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த தடித்த செங்கல் சுவரை நெருங்க நெருங்க ஏறியது. சுவரோடு சுவராகக் கருவியை ஒட்டி வைத்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தாள். ஓர் இடத்தில் அது உச்சத்துக்குப் போனது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்டோர்.

வராந்தாவைச் சுற்றிக்கொண்டு ஸ்டோர் வாசலுக்கு வந்தாள். வாசலை ஒட்டி, ஏழு மாதக் கர்ப்பிணியான டைப்பிஸ்ட் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். ஸ்டோர் கீப்பரின் மேசை வழக்கமான இடத்தில் காலியாக இருந்தது.

"அவர் எங்கம்மா?"

"அந்தக் கோடில இருக்கார்க்கா. திங்கக்கிழமையிலிருந்து நாற்காலியைத் தூக்கிட்டு அங்க போயிட்டாரு. இங்க ஃபேன் காத்து ஒத்துக்கலையாம். நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனான்னு எனக்கே வருத்தமா இருக்கு. நீங்களாவது கேட்டுச் சொல்லுங்கக்கா."

அலமாரிகளுக்கு நடுவில் அவள் நடந்தாள். கையிலிருந்த கருவி ஒன்று, இரண்டு என்று சொட்டிக்கொண்டிருந்தது, பிறகு படபடவென்று பேச ஆரம்பித்தது. கடைசி அலமாரியைத் தாண்டினாள். சுவர் மூலையில் ஒரு நாற்காலி. அதில் மடியில் பதிவேட்டை வைத்துக்கொண்டு, உலகத்துக்கே முதுகைக் காட்டிக்கொண்டு அவள் கணவர் உட்கார்ந்திருந்தார்.

சத்தம் கேட்டுத் திரும்பியவர் சட்டென்று உள்ளங்கையை உயர்த்தினார்.

"கிட்ட வராத!"

அவள் நிற்கவில்லை. கையை நீட்டிக் கருவியை அவர் தொண்டைக்கு நேரே பிடித்தாள். தகரக் கூரையில் பெருமழை கொட்டியது போல அது அலறியது.

இருபத்தெட்டு வருடத்தில் எத்தனையோ அளவுகளை எடுத்தவள். ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்க அவள் காதுக்குத் தெம்பு இல்லை. கருவியை அணைத்தாள்.

"எப்ப குடிச்சீங்க?"

"போன வெள்ளிக்கிழமை."

"வீடு மாறுன நண்பர்?"

"அவன் அதே வீட்டுலதான் இருக்கான். என்னைத் தனியா ஒரு ரூம்ல தங்க வச்சு, ஞாயித்துக்கிழமை பஸ் ஏத்தி விட்டான்." அவர் குரல் தணிந்தது. "தைராய்டு சுரப்பி அதிகமா வேலை செய்யுதாம். அதான் இளைச்சேன், நெஞ்சு படபடன்னு அடிச்சுது. ஒரு தடவை இதைக் குடிச்சாப் போதும், பெருசா ஒண்ணுமில்லன்னாங்க."

"ஒண்ணுமில்லைன்னா என்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"உன் கட்டி சமயத்துல நீ பட்ட பாட்டைப் பாத்தவன் நான். ஒரு மாசம் கையெழுத்துப் போட முடியாம நீ உக்காந்திருந்தியே. என்னால மறுபடியும் உன் கையெழுத்து போகக் கூடாதுன்னு நினைச்சேன்."

விதியின் விளையாட்டை என்னவென்று சொல்வது! எந்தக் கையெழுத்தைக் காப்பாற்ற அவர் வாயை மூடிக்கொண்டாரோ, அந்தக் கையெழுத்தை அவருடைய மௌனமே பறித்துக்கொண்டது.

"சரி, இந்த மூலைக்கு ஏன் வந்தீங்க?"

"கர்ப்பிணிகிட்ட இருந்து தள்ளியே இருக்கணும்னு சீட்டுல எழுதிக் கொடுத்தாங்க. அந்தப் பொண்ணு வாசல்ல உக்காந்திருக்கு. இதைவிடத் தூரமா இங்க இடம் இல்ல. சுவருக்கு அந்தப் பக்கம் உன் மேசை இருக்குறது எனக்குத் தோணவே இல்ல." அவர் பரிதாபமாகப் பார்த்தார். "மனுஷங்ககிட்ட இருந்து தள்ளி இருன்னுதானே சொன்னாங்க. மிஷின்கிட்ட இருந்து தள்ளி இருன்னு யாரும் சொல்லலையே."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் வெளியே விடுவது என்று தெரியவில்லை.

"நீங்க என்னைக் கண்டு பயந்துட்டீங்கன்னு நினைச்சேன்" என்றாள்.

"உன்னையா? என்னைக் கண்டு நான் பயந்தேன். நீ குழாயைத் திறந்து வச்சுக்கிட்டு அழுதப்ப வாசல் வரைக்கும் வந்துட்டு, எத்தனை அடி தூரம்னு எண்ணிட்டு, திரும்பிப் போனேன்."

தட், தட் என்று அளவுகோலின் சத்தம் கேட்டது. ஸ்கேலும் மீசையும் அலமாரி ஓரம் நின்றிருந்தார்கள். மீசை அவசர அவசரமாக மேலே ஃபேனைப் பார்த்தார்.

ஸ்கேல் தொண்டையைச் செருமினார். "பயப்படாதீங்கம்மா. அந்தத் தூரத்துல டைப்பிஸ்டுக்கு ஒண்ணும் ஆகாது. நான் கணக்குப் போட்டுக் காட்டுறேன். இவரை இப்பவே வீட்டுக்கு அனுப்பிடலாம். காரணத்தை மட்டும் எழுதிக் கொடுத்துடுங்க. கையெழுத்து உங்களோடது."

காரணம்! அதை எழுதினால் அவர் ஒளித்து வைத்தது தணிக்கையாளர் வரைக்கும் போகும். எழுதாவிட்டால் பெட்டி பிரிக்கப் போக வேண்டும். அவள் பேனாவைத் திறந்தாள், மூடினாள்.

"பக்கத்து அறையில் சிகிச்சை பெற்ற ஒருவர்னு போடலாமா சார்?"

"ஸ்டோர் கீப்பர்னே எழுது" என்றார் அவள் கணவர். "இங்க இருக்குறதே ரெண்டு பேரு. 'ஒருவர்'னு எழுதினா பாவம் டைப்பிஸ்டை நினைப்பாங்க." பிறகு, கொஞ்சம் தயங்கி, "உன்கிட்ட ஒண்ணு சொல்லவா? மருந்தைக் குடிச்சதும் ஒரு கருவியை என் கழுத்துக்கு நேராப் பிடிச்சாங்க. நான் நடுங்கிப் போயிட்டேன். அப்ப அதோட முதுகைப் பாத்தேன். ஸ்டிக்கர்ல உன் கையெழுத்து. அப்புறம் நடுக்கம் நின்னுடுச்சு. இது சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு தோணுச்சு."

அவள் கண்களிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. அந்த நிலையிலும் வாய் தன்பாட்டுக்குச் சொன்னது: "அது ஆறு மாசத்துக்கு முன்னாடி அனுப்புன கருவி. அன்னிக்கு பேக்ரவுண்ட் முன்னூத்துப் பதினாலு."

அவள் காரணத்தை எழுதினாள். ஸ்டோர் கீப்பர் என்றே எழுதினாள்.

திங்கட்கிழமை காலை ஸ்டோர் மூலையில் நாற்காலி இல்லை. அவர் வீட்டில், முன்னறையில், டாக்டர் சீட்டில் எழுதிய நாட்கள் முடியும் வரை தனியாக இருந்தார். காலையில் அவள் டீயை ஸ்டூலின் மேல் வைத்துவிட்டு, தானாகவே ஆறடி தள்ளி நின்று, அவர் குடித்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்திருந்தாள்.

ஐந்து முறை எண்ணினாள். முன்னூற்றுப் பத்தொன்பது.

சரியான எண். ஒரு வாரமாக எந்த எண்ணுக்காக ஏங்கினாளோ, அதே எண். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இல்லை என்று சொல்லும் எண். கண் ஏன் நிறைகிறது என்று அவளுக்குப் புரியவில்லை. சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் எதற்காக அந்த அறுநூற்று ஐம்பதை நினைத்துக்கொள்கிறோம் என்றும் புரியவில்லை.

மீசை கதவைத் தட்டினார். "அக்கா, தணிக்கையாளர் வந்துட்டார். ஆஸ்பத்திரிக் கருவியில கையெழுத்துப் போட்டாச்சான்னு ஸ்கேல் கேக்குறார்."

அவள் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்தாள்.

"பத்து நிமிஷம் பொறுக்கச் சொல்லுங்க."